கழுத்துக்குள் எத்தனை மில்லிமீட்டர்?

தமிழில் கழுத்துக்கு வேலை அதிகம். கடன் கழுத்துவரை வருகிறது. வேண்டாதவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறோம். மேடையில் நிறுத்தத் தெரியாதவர் கழுத்தை அறுக்கிறார். பெண் கழுத்தை நீட்டினால் கல்யாணம். நண்பன் கழுத்தை அறுத்தால் துரோகம். இத்தனை வேலை வாங்கிக்கொள்ளும் நாம், அந்தக் கழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று யோசிப்பதே இல்லை, அது வலிக்கத் தொடங்கும் வரை.

நாள் முழுவதும் கணினித் திரையை வெறித்துப் பிழைப்பு நடத்தும் கூட்டத்தைச் சேர்ந்த எனக்கு அது முப்பதுகளிலேயே தொடங்கியது. மூன்று மாதமாகியும் வலி அடங்கவில்லை. இடது கைக் கட்டைவிரலில் மதமதப்பும் சேர்ந்துகொள்ளவே, மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். ஒரு பக்க அறிக்கை வந்தது. லத்தீனும் ஆங்கிலமும் கலந்த அந்த உரைநடையில் எனக்குச் சட்டென்று புரிந்தது ஓர் எண் மட்டுமே. ஐந்தாம் ஆறாம் கழுத்தெலும்புகளுக்கு நடுவில் தண்டுவடக் கால்வாயின் முன்பின் அளவு 10.5 மில்லிமீட்டர், மிதமான குறுக்கம் என்றது அது.

அலுவலக நண்பர் ஒருவர் தலையணையை மாற்றச் சொன்னார். இன்னொருவர் தனக்குத் தெரிந்த ஒருவருக்கு இதே எண் வந்து அறுவை சிகிச்சை வரை போன கதையைச் சாப்பாட்டு மேசையில் விவரித்தார். பொறியியல் படித்த புத்தி வேறு பக்கம் ஓடியது. இதை எங்கிருந்து எங்குவரை அளந்தார்கள்? எந்த அளவுகோலால்? அதில் பிழை எவ்வளவு இருக்கும்? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த எண்ணுக்கும் என் வலிக்கும் சம்பந்தம் உண்டா?

இந்த நான்கு கேள்விகளோடு பல மாலைப்பொழுதுகள் படித்ததன் சாரம்தான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவன் அல்லன். அளவை என்ற விஷயத்தில் ஆர்வமுள்ள ஒரு மென்பொருள்காரன் மட்டுமே. மருத்துவ முடிவுகளை உங்கள் மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

குழாயும் கேபிளும்

நமக்குக் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான், ஒவ்வொன்றும் நீளம் என்பதுதான் வித்தியாசம். பெரும்பாலான முள்ளெலும்புகளில் முன்பக்கம் ஒரு கனத்த உருளை. பின்பக்கம் வளைவு போல ஓர் எலும்புச் சுவர். இரண்டுக்கும் நடுவே ஓட்டை. ஏழு எலும்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஓட்டைகள் சேர்ந்து ஒரு குழாயாகின்றன. அதுதான் தண்டுவடக் கால்வாய். மூளையிலிருந்து கைகால்களுக்குப் போகும் எல்லாக் கட்டளைகளும், அங்கிருந்து திரும்பி வரும் எல்லாச் செய்திகளும், இந்தக் குழாய்க்குள் ஓடும் தண்டுவடம் என்கிற ஒரே கேபிள் வழியாகத்தான் போய்வர வேண்டும். மாற்றுப் பாதை கிடையாது.

கேபிளின் தடிமன், முன்பின்னாக அளந்தால், சுமார் 8 மி.மீ. நம் சுண்டுவிரலைவிட மெல்லியது. குழாயின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். கழுத்தின் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் சராசரி 17 மி.மீ. என்று பழைய எக்ஸ்ரே நூல்கள் சொல்லும். மிச்சமுள்ள இடத்தில் உறைகளும், தண்டுவடத்தைச் சுற்றி நிற்கும் திரவமும், கொஞ்சம் கொழுப்பும், மெல்லிய ரத்தநாளங்களும் இருக்கின்றன. அந்த மிச்ச இடம்தான் இந்தக் கட்டுரையின் கதாநாயகன்.

எலும்புக் குழாயின் அளவு சிறுவயதிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. குனிந்து உட்கார்ந்ததால் அது குறுகுவதும் இல்லை, யோகாசனம் செய்வதால் அகலமாவதும் இல்லை. நம்மூர்ச் சொத்து வழக்குகளின் மொழியில் சொன்னால் அது பிதுரார்ஜிதம். வயதாக ஆக நடப்பது செலவு: டிஸ்க் என்று எல்லோரும் அழைக்கும் வட்டு பின்னோக்கிப் பிதுங்குகிறது, எலும்பின் ஓரங்களில் முட்கள் வளர்கின்றன, பின்சுவரை இணைக்கும் பிணைநார் தடிக்கிறது. சிலருக்கு, குறிப்பாக ஜப்பானியர் முதலிய கிழக்காசிய மக்களிடம் அதிகமாக, முன்பக்கப் பிணைநாரே எலும்பாக மாறிவிடுவதும் உண்டு. எல்லாமே குழாய்க்குள் இடம் பிடிக்கின்றன. 18 மி.மீ. சொத்தோடு பிறந்தவர் 4 மி.மீ. இழந்தாலும் சமாளிப்பார். 12ல் பிறந்தவருக்கு அதே இழப்பு கேபிளைத் தொட்டுவிடும்.

இந்தக் கணக்கிலிருந்துதான் மருத்துவ நூல்களின் இரண்டு எல்லைக்கோடுகள் வந்தன. எலும்புக் கால்வாய் 13 மி.மீக்குக் கீழே இருந்தால் ஒப்பீட்டளவில் குறுகலானது, 10க்குக் கீழே என்றால் சந்தேகமில்லாமல் குறுகலானது. 'எலும்பு' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

நிழலை அளந்த காலம்

1895ன் இறுதியில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் தன் மனைவியின் கையை எக்ஸ்ரே படமாக எடுத்தபோது விரலெலும்புகளும் மோதிரமும் தெரிந்தன. அதுமுதல் பல பத்தாண்டுகளுக்குக் கால்வாயை அளக்க இருந்த ஒரே வழி பக்கவாட்டு எக்ஸ்ரேதான். முள்ளெலும்பு உருளையின் பின்விளிம்பின் நடுப்புள்ளியிலிருந்து, பின்சுவரின் உள்விளிம்பாகத் தெரியும் கோட்டில் மிக அருகில் இருக்கும் புள்ளிவரை அளவுகோலை வைத்தால் விடை கிடைத்துவிடும்.

கிடைப்பது நிழலின் அளவு என்பதுதான் சிக்கல். சிறுவயதில் மின்சாரம் போன இரவுகளில் சிம்னி விளக்கின் முன் கையை வைத்துச் சுவரில் மானும் நாயும் காட்டியிருப்பீர்கள். கை விளக்கை நெருங்கினால் மான் யானையாகிவிடும். எக்ஸ்ரேயும் அப்படித்தான். பக்கவாட்டில் படம் எடுக்கும்போது தோள் இடிப்பதால் கழுத்தைத் தகட்டோடு ஒட்டி வைக்க முடியாது. அகன்ற தோள் உடையவருக்குக் கழுத்தின் நடுக்கோடு தகட்டிலிருந்து 25 செ.மீ. தள்ளி நிற்பதாக வைத்துக்கொள்வோம். எக்ஸ்ரே குழாய் 183 செ.மீ. தொலைவில் இருந்தால் (ஆறடி, இதுதான் வழக்கமான தூரம்) நிழல் 183/158 மடங்கு, அதாவது சுமார் 16 சதவீதம் பெரிதாகும். 13 மி.மீ. கால்வாய் படத்தில் 15 ஆகத் தெரியும். இடமில்லாத அறையில் குழாயை ஒரு மீட்டரில் வைத்து எடுத்திருந்தால் 100/75 மடங்கு. அதே 13 இப்போது 17க்கு மேல்! குறுகலான கழுத்து, அறையின் நீளம் குறைந்ததால், சராசரிக் கழுத்தாகிவிட்டது.

எனவே பழைய நூல்களின் எண்களை இன்றைய எண்களோடு ஒப்பிடும்போது, எவ்வளவு தூரத்தில் எடுத்த படம் என்று தெரியாமல் ஒப்பிடுவதில் பொருளில்லை.

ஒரு அழகான தந்திரம்

உருப்பெருக்கத்தை ஒழிக்க 1980களில் அமெரிக்காவில் ஒரு வழி பிரபலமாயிற்று. பொறியாளர்கள் யாரும் ரசிக்கக்கூடிய வழி. படத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது, அதுதான் முள்ளெலும்பின் உருளை. கால்வாயும் உருளையும் தகட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதால் இரண்டும் ஒரே மடங்கு பெரிதாகும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் உருப்பெருக்கம் அடிபட்டுப் போகும். மில்லிமீட்டரே வேண்டாம், விகிதம் போதும்.

நியூயார்க்கின் கதிரியல் மருத்துவர் ஹெலன் பாவ்லோவும், பிலடெல்பியாவின் எலும்பு மருத்துவர் ஜோசப் டார்க்கும் சேர்ந்து எழுதிய 1987ஆம் ஆண்டுக் கட்டுரையால் இது டார்க்-பாவ்லோவ் விகிதம் என்றே பெயர் பெற்றது. இயல்பான கழுத்தில் விகிதம் சுமார் 1. ஏறக்குறைய 0.8க்குக் கீழே போனால் குறுகல்.

டார்க்கின் அக்கறை கழுத்துவலி அன்று, அமெரிக்கக் கால்பந்து. மோதலுக்குப் பின் சில நிமிடங்களோ சில மணிநேரங்களோ கைகால்கள் செயலிழந்து, பிறகு முழுமையாகத் தேறிய 32 விளையாட்டு வீரர்களைப் பற்றி அவர் குழு 1986ல் எழுதியது. அவர்களுடைய கால்வாய்கள் குறுகலாக இருந்தன. அப்படியானால் எல்லா வீரர்களையும் எக்ஸ்ரே எடுத்து, 0.8க்குக் கீழே உள்ளவர்களை மைதானத்துக்கு வெளியே நிறுத்திவிட்டால் ஆபத்தே வராதல்லவா?

அங்கேதான் தந்திரம் காலை வாரியது. 1990ல் தொழில்முறை வீரர்களை அளந்து பார்த்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு விகிதம் 0.8க்குக் கீழே இருந்தது. காரணம் எளிது. விகிதத்துக்கு மேலும் உண்டு, கீழும் உண்டு. வாட்டசாட்டமான ஆளுக்கு முள்ளெலும்பின் உருளையும் பெரியது. கால்வாய் 16, உருளை 20 என்றால் விகிதம் 0.8, அபாயப் பட்டியலில் வந்துவிடுகிறார். பக்கத்தில் நிற்கும் ஒல்லியானவருக்குக் கால்வாய் 14, உருளை 16. விகிதம் 0.875, தப்பித்துவிட்டார். தண்டுவடத்துக்கு அதிக இடம் இருப்பதோ முதல் ஆளிடம்! அளவுகோலாக எடுத்த பொருளே ஆளுக்கு ஆள் மாறும் என்பதை வகுத்தல் கணக்கு மறைத்துவிட்டது.

டார்க் தன் கருவியைத் தானே சோதித்துப் பார்த்தார் என்பது அறிவியலின் அழகு. 1996ல் அவர் குழு வெளியிட்ட முடிவு: தற்காலிக முடக்கம் வந்தவர்களில் 93 சதவீதம் பேரை இந்த விகிதம் சரியாகச் சுட்டிவிடுகிறது. ஆனால் அது சுட்டுபவர்களில் உண்மையாகவே முடக்கம் வருபவர்கள் 0.2 சதவீதம், ஆயிரத்துக்கு இரண்டு பேர். எரிதம் என்று நம்மவர்கள் பெயர் வைத்திருக்கும் குப்பை மடல்களை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிற மடலையெல்லாம் எரிதம் என்று முத்திரை குத்தும் வடிகட்டி ஒரு குப்பையையும் தவறவிடாது. ஆனால் அதை யார் வைத்துக்கொள்வார்கள்? வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் சல்லடையாக இதைப் பயன்படுத்தக் கூடாது என்று டார்க்கே எழுதினார்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. தலையை ஈட்டிபோல் முன்னால் நீட்டி மோதுவதைத் தடை செய்யும் விதி பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் 1976ல் வந்தது. அந்த ஆண்டு கழுத்து முறிந்து நிரந்தரமாகச் செயலிழந்தவர்கள் 34 பேர், 1984ல் 5 பேர். கழுத்துகளைக் காப்பாற்றியது ஆட்ட விதிதான். அதற்குப் பிறகு வந்த விகிதம் அன்று.

காந்தம் காட்டும் படம்

1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. எலும்பைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோல் காட்டியதால், நிழல் பிரச்சினை ஒழிந்தது. 1973ல் பால் லாட்டர்பர் இரண்டு சிறு குழாய்களில் இருந்த தண்ணீரைக் காந்தப்புலத்தால் படமாக்கிக் காட்டினார். அந்த விதை எம்.ஆர்.ஐ. ஆகி, 2003ல் அவருக்கும் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு வாங்கித் தந்தது.

எம்.ஆர்.ஐ.யில் முதல்முறையாகக் கேபிளே தெரிந்தது. ஒரு வகைப் படத்தில் திரவம் வெள்ளையாகவும் தண்டுவடம் சாம்பலாகவும் வரும். இரண்டு பக்கமும் வெள்ளைக் கரை போட்ட சாம்பல் நிறப் புடவையை நீளவாக்கில் தொங்கவிட்டது போலிருக்கும். ஆனால் அளவெடுப்பதில் புதிய சிக்கல்கள் வந்தன.

முதலாவது, எந்த இடத்தில் அளப்பது? 13, 10 என்ற பழைய எல்லைகள் முள்ளெலும்பின் நடுவில், எலும்பிலிருந்து எலும்புவரை அளந்ததற்கானவை. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் பெரும்பாலும் வருவது இரண்டு எலும்புகளுக்கு நடுவே, வட்டு இருக்கும் மட்டத்தில், பிதுங்கிய வட்டிலிருந்து தடித்த பிணைநார்வரை அளந்த மென்திசு அளவு. இது இயல்பிலேயே குறைவாகத்தான் இருக்கும். ஒன்றின் எல்லைக்கோட்டை மற்றதற்குப் போடுவது, கார்பெட் பரப்பளவையும் சூப்பர் பில்ட்-அப் பரப்பளவையும் ஒப்பிட்டு வீடு வாங்குவது போல. என் 10.5 இந்த இரண்டாவது வகை. இது தெரிந்ததும் பாதிப் பயம் போயிற்று.

இரண்டாவது, படப்புள்ளியின் அளவு. 220 மி.மீ. பரப்பை 256 கட்டங்களாகப் பிரித்து எடுத்தால் ஒரு கட்டம் 0.86 மி.மீ. திரையில் படம் வழவழப்பாகத் தெரிவதற்குக் காரணம் நடுவில் இருக்கும் புள்ளிகளைக் கணினி தானே ஊகித்து நிரப்புவது. பழம்பாடல்களில் எது இடைச்செருகல் என்று புலவர்கள் சண்டை போடுவார்களே, கிட்டத்தட்ட அதேதான். விளிம்பு எங்கே முடிகிறது என்பதில் இரண்டு முனையிலும் அரைக்கட்டம் தவறினாலே 10.5 என்பது 10 ஆகவும் இருக்கலாம், 11 ஆகவும் இருக்கலாம். போன வருடம் 10.9, இந்த வருடம் 10.4 என்று இரண்டு அறிக்கைகளை வைத்துக்கொண்டு நோய் முற்றிவிட்டதாகக் கலங்குபவர்கள், இரண்டும் ஒரே எண்ணாகவே இருக்கலாம் என்பதை அறிய வேண்டும்.

மூன்றாவது, வெட்டின் தடிமன். நீளவாக்கில் எடுக்கும் ஒவ்வொரு வெட்டும் சுமார் 3 மி.மீ. கனம். கால்வாய் வட்டமானது அன்று. முனை மழுங்கிய முக்கோணம். தலை கொஞ்சம் சாய்ந்திருந்து, வெட்டு நடுக்கோட்டை விட்டு விலகினால் அகலம் மாறிவிடும். படம் எடுக்கும் முறையைப் பொறுத்தும் அளவு மாறும். சில வகைப் படங்கள் எலும்பு முட்களைப் பூதாகாரமாக்கிக் குறுகலை மிகைப்படுத்திக் காட்டும்.

நான்காவது, நாம் அசையாமல் மல்லாந்து படுத்திருக்கும்போது எடுத்த படம் அது. வாழ்க்கையில் கழுத்து அப்படி இருப்பதில்லை. தலையைப் பின்னுக்குச் சாய்த்து மேலே பார்க்கும்போது பின்பக்கப் பிணைநார் உள்நோக்கி மடிகிறது, தண்டுவடமும் சற்றுக் குட்டையாகித் தடிக்கிறது, கால்வாய் இன்னும் குறுகுகிறது. கூரையில் விசிறி துடைக்கும்போது மட்டும் கை மரத்துப்போவதாகச் சொல்லும் முதியவரின் பேச்சை, படுக்கவைத்து எடுத்த படத்தைக் காட்டித் தள்ளிவிடக் கூடாது.

இன்று இந்த அளவுகளை மென்பொருளே எடுத்துவிடும். மான்ட்ரியாலின் பாலிடெக்னிக் கல்லூரியிலிருந்து வந்த, தண்டுவடத்தை அளப்பதற்கென்றே எழுதப்பட்ட திறமூல மென்பொருளை நானும் இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மட்டத்திலும் குறுக்குவெட்டுப் பரப்பளவை நொடியில் கணக்கிட்டுத் தருகிறது. மனிதர்களைப் போல ஆளுக்கு ஆள் மாறாது என்பது பெரிய லாபம். ஆனால் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் அச்சிட்டுவிட்டதால் அளவு துல்லியமாகிவிடாது. இது கணினித்துறையில் இருப்பவர்கள் அடிக்கடி மறக்கிற உண்மை.

இத்தனை சிக்கலாலும், மில்லிமீட்டரை விட்டுவிட்டு வெள்ளைக் கரையைப் பார்க்கும் முறைகள் வந்தன. 2011ல் கொரிய மருத்துவர்கள் வெளியிட்ட தர வரிசை இதற்கு நல்ல உதாரணம். கரை நன்றாகத் தெரிந்தால் சுழியம். பாதிக்கு மேல் மறைந்தால் ஒன்று. தண்டுவடமே நசுங்கி உருமாறினால் இரண்டு. தண்டுவடத்துக்குள் நிறமாற்றம் தெரிந்தால் மூன்று. குழாய் எவ்வளவு அகலம் என்பதைவிட, கேபிளுக்கு என்ன ஆயிற்று என்பதல்லவா முக்கியம்?

எண்ணும் வலியும்

இனி என் நான்காவது கேள்வி. வலி வந்தது, படம் எடுத்தோம், குறுகல் தெரிந்தது. ஆகவே குறுகலால் வலி. இப்படித்தான் மனம் முடிச்சுப் போடுகிறது. முடிச்சு சரியா என்று பார்க்க, வலியே இல்லாதவர்களையும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். நல்லவேளையாகப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

1990ல் அமெரிக்காவில் கழுத்துத் தொந்தரவே இல்லாத 63 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்தபோது 19 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு கோளாறு தெரிந்தது. 1998ல் ஜப்பானில் இதேபோல் 497 பேர்: அறுபது வயதைத் தாண்டிய ஆண்களில் 86 சதவீதத்துக்கும் பெண்களில் 89 சதவீதத்துக்கும் வட்டுகள் தேய்ந்திருந்தன. 2015ல் மறுபடி ஜப்பானில் 1,211 பேர்: 87.6 சதவீதத்துக்கு வட்டு பிதுங்கியிருந்தது. இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன். நரைமுடியைப் படம் எடுத்துவிட்டு, தலைவலிக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

குறுகலான கால்வாயும் அப்படியொன்றும் அபூர்வமில்லை. கிளீவ்லாந்து நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஹாமன்-டாட் என்ற பெரிய எலும்புத் தொகுப்பு இருக்கிறது. அங்குள்ள 469 எலும்புக்கூடுகளின் கழுத்தெலும்புகளை நேரடியாக அளந்து (நிழலும் இல்லை, படப்புள்ளியும் இல்லை) 2007ல் ஒரு கட்டுரை வந்தது. வயதுவந்தோரில் சுமார் 5 சதவீதத்தினருக்கு 12 மி.மீக்கும் குறைவான கால்வாய் இருக்கும் என்பது அதன் மதிப்பீடு. இருபது பேர் கூடும் தமிழ்ச்சங்கக் கூட்டத்தில் ஒருவர்.

அப்படியென்றால் அளவு எதற்குமே உதவாதா? உதவும். 2009ல் வெளியான, தொந்தரவோடு வந்த 295 நோயாளிகளை அளந்த ஆய்வு ஒன்று, 13 மி.மீக்குக் குறைந்த கால்வாய் உள்ளவர்களிடம் வட்டுத் தேய்மான மாற்றங்கள் கூடுதல் என்று கண்டது. வருங்காலத்தில் தண்டுவடம் நெரிபட யாருக்கு வாய்ப்பு அதிகம் என்பதை இந்த எண் ஓரளவு சொல்லும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முன்பக்கமாகவா பின்பக்கமாகவா என்று முடிவெடுக்கவும் உதவும். ஜப்பானின் ஹிராபாயாஷி 1977ல் அறிமுகப்படுத்திய முறையில், பின்சுவரை ஒரு பக்கம் கீல் வைத்துக் கதவுபோல் திறந்து குழாயையே அகலமாக்குகிறார்கள்.

ஆனால் இன்று வலிக்கிற கழுத்து ஏன் வலிக்கிறது என்பதை அது சொல்லாது. வலி பெரும்பாலும் தசையிலிருந்தும், பின்பக்கச் சிறு மூட்டுகளிலிருந்தும், வட்டின் வெளிச்சுற்றிலிருந்தும், பக்கவாட்டு வாசலில் நெரிபடும் நரம்பிலிருந்தும் வருகிறது. என் கட்டைவிரல் மதமதப்பு இந்தக் கடைசி வகை. உடற்பயிற்சி சிகிச்சையிலும் நாற்காலி மாற்றத்திலும் பத்து வாரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. என் எலும்புக் கால்வாய் அதனால் ஒரு மயிரிழையும் அகன்றிருக்காது.

வலிக்காத ஆபத்து

கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கழுத்துவலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. தொலைபேசியில் ஒருமுறை அவர் அலுத்துக்கொண்டது வேறு: "இப்பல்லாம் சட்டைக்குப் பொத்தான் ஓட்டையே சின்னதா தைக்கறான்டா. போட்டு முடிக்கறதுக்குள்ள பஸ்ஸே போயிடுது." பெரியம்மா பின்னாலிருந்து, "சட்டை பழசுதான், இவருக்குத்தான் கை வரமாட்டேங்குது" என்றார். முத்துமுத்தாக இருக்கும் அவருடைய கையெழுத்து அந்த வருடப் பொங்கல் வாழ்த்தில் கோணியிருந்தது. இருட்டில் நடந்தால் தள்ளாடுவதாகவும் சொன்னார். வயசாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். நரம்பியல் மருத்துவர் ஒருவர் கையைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் படமே எடுக்கச் சொன்னார். இரண்டு மட்டங்களில் தண்டுவடம் நசுங்கியிருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் நடை தேறிவிட்டது. கையெழுத்து முழுதாகத் திரும்பவில்லை.

தண்டுவடம் நெரிபடுவதை மருத்துவர்கள் மயலோபதி என்பார்கள். பலருக்குக் கழுத்தில் வலியே இருக்காது அல்லது லேசாக இருக்கும். கை நுட்பமான வேலைகளில் தடுமாறுவது, இரண்டு கைகளும் மரத்துப்போவது, கால்கள் விறைத்து நடை தள்ளாடுவது, குனியும்போது முதுகுவழியாக மின்சாரம் பாய்வதுபோல் உணர்வது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது ஆகியவைதான் அடையாளங்கள். ஜப்பானிய மருத்துவர்கள் 1987ல் விவரித்த எளிய சோதனை ஒன்று உண்டு. விரல்களை முழுதாக மடக்கி முழுதாக விரிப்பதைப் பத்து நொடியில் எத்தனை முறை செய்ய முடிகிறது என்று எண்ணுவது. இயல்பான கை இருபது முறையாவது செய்யும். செலவில்லாத இந்த எண், பல நேரங்களில் மில்லிமீட்டரைவிட அதிகம் சொல்கிறது.

மருத்துவ வழிகாட்டுதல்களும் இதே திசையில்தான் இருக்கின்றன. 2017ல் வெளியான சர்வதேசப் பரிந்துரை, மயலோபதி மிதமாகவோ தீவிரமாகவோ இருந்தால் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. படத்தில் தண்டுவடம் அழுந்தித் தெரிந்தாலும் நோயின் அறிகுறியும் நரம்பு நெரிசலும் இல்லாதவருக்கு முன்னெச்சரிக்கையாக அறுவை சிகிச்சை செய்ய வேண்டாம், விளக்கிச் சொல்லிக் கண்காணியுங்கள் என்கிறது. ஆளை நிர்ணயிப்பது அறிகுறி. படம் அதற்குச் சாட்சி.

அறிக்கை கைக்கு வந்தால்

மருத்துவரிடம் கேட்பதற்கு நான் தயாரித்துக்கொண்ட கேள்விகளை இங்கே தருகிறேன், யாருக்காவது பயன்படலாம்.

1. இந்த அளவு எலும்பு மட்டத்தில் எடுத்ததா, வட்டு மட்டத்தில் எடுத்ததா?
2. தண்டுவடத்தைச் சுற்றி வெள்ளைக் கரை தெரிகிறதா? தண்டுவடத்தின் வடிவமோ நிறமோ மாறியிருக்கிறதா?
3. குறுகல் பிறவியிலேயே வந்ததா, தேய்மானத்தால் வந்ததா, இரண்டும் சேர்ந்ததா?
4. படத்தில் தெரிவதும் என் உடம்பில் இருக்கும் தொந்தரவும் ஒரே மட்டத்தைக் காட்டுகின்றனவா?
5. என் கைகால்களைச் சோதித்ததில் தண்டுவடம் பாதிக்கப்பட்டதற்கான அடையாளம் உண்டா?

ஐந்தாவதுக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் முதலாவதின் எண்ணுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 'உண்டு' என்று வந்தால், வலி இல்லையே என்று தள்ளிப்போடவும் கூடாது. விபத்து, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, புற்றுநோய் வரலாறு, கையிலோ காலிலோ பலவீனம் ஆகியவற்றோடு கழுத்துவலி வந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கடல் கடந்து வாழும் நமக்கு, ஊரிலிருந்து அப்பா அம்மாவின் ஸ்கேன் அறிக்கைகள் நள்ளிரவில் கைப்பேசியில் வந்து விழுவது வாடிக்கை. "இந்த நம்பர் ஆபத்தா?" என்ற கேள்வியும் கூடவே வரும். எண்ணை இணையத்தில் தேடத் தொடங்கும் முன் உடனே கூப்பிட்டுக் கேளுங்கள்: "சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? இருட்டில் நடை எப்படி இருக்கிறது?"